நானோ போட்டிருக்கா என்று கேட்கிறவர்களுக்காக ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழின் அறிவியல் பக்கத்தில், சோப்புக் கரைசலில் நானோ துகள் சேர்த்தால் அது கெட்டியாகிவிடும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து இந்தக் கடிதம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை கடைக்கு வந்தவர்களைப் பார்த்த பிறகு எழுதியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

சேலத்தில் சோப் ஆயில், பாத்திரம் கழுவும் லிக்விட், பெனாயில் தயாரிக்கும் ஒரு சின்ன யூனிட் நடத்துகிறேன். நானும் இரண்டு பெண்களும்தான் ஆட்கள். இயந்திரம் என்றால் 200 லிட்டர் டிரம் ஒன்று, அதன்மேல் மாட்டிய மோட்டார் ஒன்று. எட்டு வருடமாக என்னிடம் லிக்விட் வாங்கும் மெஸ்காரர் ஒருவர் திங்கட்கிழமை உங்கள் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். "அக்கா, உங்க லிக்விட்ல நானோ போட்டிருக்கா?" என்றார். "போடலைண்ணா" என்றேன். "அப்ப சத்து கம்மிதானே?" என்று கேட்டார். அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டுவிட்டார்கள்.

கட்டுரையில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, நானோ துகள்கள் ஜல்லிக்கு நடுவில் மணல் போல இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் சோப்பு நீர் கெட்டியாகிறது என்பது. இன்னொன்று, ஓரத்தில் கட்டம் கட்டி, வாங்கும்போது கெட்டியானதைப் பார்த்து வாங்குங்கள், கெட்டி என்றால் சோப்பு அதிகம் என்று போட்டிருந்தது. முதலாவதில் சொன்னது சில கரைசல்களில் நடப்பது சரி, காரணம் தப்பு. இரண்டாவது முழுக்கத் தப்பு. அந்தக் கட்டத்தை நம்பித்தான் மெஸ்காரர் கிளம்பி வந்திருக்கிறார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் திட்ட உதவியாளராக இருந்தேன். சர்ஃபக்டன்ட் (சோப்பில் அழுக்கை எடுக்கும் பொருள்) கரைசல்களை ரியோமீட்டரில் வைத்துச் சுழற்றி, எவ்வளவு விசைக்கு எவ்வளவு ஓடுகிறது என்று பதிவு செய்வதுதான் வேலை. ஆய்வுக் கட்டுரைகளில் என் பெயர் வந்ததில்லை. கரைசல் கலக்கிய கை என்னுடையது.

முதலில் சோப்பு நீருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சர்ஃபக்டன்ட் மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலையும் தண்ணீரை வெறுக்கும் வாலும் உண்டு. தண்ணீரில் கொஞ்சமாகப் போட்டால் ஒவ்வொன்றும் தனியாகத் திரியும். ஒரு அளவைத் தாண்டியதும் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி, கும்பலாகச் சேர்ந்துகொள்ளும். அந்தக் கும்பல்தான் மிசெல். சோப்புக் கரைசலில் இப்படிக் கும்பல்கள் இருக்க வேண்டும் என்று மெக்பெயின் என்ற வேதியியலாளர் 1913லேயே சொல்லிவிட்டார். சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்ற சாதாரண சர்ஃபக்டன்ட் லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம் ஆனதும் கும்பல் சேரத் தொடங்கும். ஒரு கும்பலில் ஏறக்குறைய 60 மூலக்கூறுகள். உருண்டை வடிவம், குறுக்கே நான்கைந்து நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்).

இந்த உருண்டைகள் மட்டும் இருக்கும் கரைசல் தண்ணீர் மாதிரிதான் ஓடும். இதில் உப்பு போட்டால்தான் வேடிக்கை. சமையலுக்குப் போடும் அதே உப்பு. தலைகள் எல்லாம் ஒரே மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். உப்பின் அயனிகள் நடுவில் வந்து அந்தச் சண்டையைத் தணிக்க, தலைகள் நெருங்கி உட்காரும். நெருங்கினால் உருண்டைக்குத் தேவையான வளைவு போய்விடும். உருண்டை நீண்டு குச்சியாகும், குச்சி நீண்டு புழுவாகும். புழு மிசெல் என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு இடியாப்பம் என்று சொல்லத்தான் பிடிக்கும். நூலின் கனம் அதே நான்கைந்து நானோமீட்டர், நீளமோ அதைப் போல 200 மடங்குகூடப் போகும். கண்ணுக்குத் தெரியும் இடியாப்ப நூல் கனத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு முழ நீளம் வரும். அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்போது தண்ணீர் கெட்டியாகிறது. ஷாம்பு, பாத்திர லிக்விட் எல்லாம் கெட்டியாவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. இந்த இடியாப்பம் அறுந்தால் தானே ஒட்டிக்கொள்ளும். சும்மா இருக்கும்போதே அங்கங்கே அறுந்து, வேறொரு நூலோடு சேர்ந்து, மறுபடி அறுந்துகொண்டிருக்கும். கேட்ஸ் என்ற இயற்பியலாளர் 1987இல் இதற்குக் கணக்கு போட்டார். நூல் நெளிந்து சிக்கிலிருந்து நழுவ ஒரு நேரம், அறுந்து ஒட்ட ஒரு நேரம். அறுந்து ஒட்டுவது மிக வேகமாக நடந்தால், கரைசல் முழுக்க ஒரே ஒரு தளர்வு நேரத்தோடு (இழுத்த விசை தணிய ஆகும் நேரம்), ஒரு சுருள்வில்லும் எண்ணெய்க்குள் மெல்ல நகரும் ஒரு பிஸ்டனும் சேர்ந்த மாதிரி நடந்துகொள்ளும் என்று காட்டினார். நான் அளந்த கரைசல்களில் வரைபடம் அந்தக் கணக்கு சொல்வது போலவே அரைவட்டமாக வந்து விழும். முதல் தடவை பார்த்தபோது இயந்திரம்தான் ஏதோ ஏமாற்றுகிறது என்று நினைத்தேன்.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கெட்டியான ஷாம்பு பாட்டில் ஒன்றை எடுத்து, உள்ளே காற்றுக் குமிழிகள் வரும்படி குலுக்கி, சட்டென்று ஒரு சுற்று சுற்றி நிறுத்துங்கள். சில பாட்டில்களில் குமிழிகள் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சி.டி.ஏ.பி. என்ற சர்ஃபக்டன்டோடு சோடியம் சாலிசிலேட் என்ற உப்பு கலந்த குடுவையில் இது பிரமாதமாகத் தெரியும், ரப்பர் மாதிரி. எங்கள் பேராசிரியர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் முதலில் காட்டுவது இதைத்தான். அந்த சி.டி.ஏ.பி.க்கு ஒரு குணம் உண்டு. வெப்பநிலை 25 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வெள்ளை வெள்ளையாகப் படிகம் கட்டிவிடும். யாரோ இரவு ஏ.சி.யை அணைக்க மறந்துவிட்டுப் போனால், காலையில் குடுவைக்குள் வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாக நிற்கும். மறுபடி வெதுவெதுப்பாக்கிக் கரைத்து, அன்றைய வேலையைப் பதினொரு மணிக்கு ஆரம்பிப்போம்.

இப்போது கட்டத்துக்கு வருகிறேன். உப்பு போடப் போட நூல் நீளும், கெட்டி ஏறும். ஒரு உச்சத்துக்குப் பிறகு இன்னும் போட்டால் நூல்கள் கிளைவிட ஆரம்பிக்கும். கிளை பிரியும் இடங்கள் நூல் நெடுக வழுக்கிப் போகக்கூடியவை என்பதால் சிக்கு எளிதாகத் தளர்ந்துவிடும், கெட்டி இறங்கும். போன வருடம் என்னிடம் புதிதாகச் சேர்ந்த பெண், முதல் நாள் நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில், கெட்டியாகவில்லையே என்று டிரம்மில் இன்னொரு மடங்கு உப்பைக் கொட்டிவிட்டாள். வந்து பார்த்தால் மோர் மாதிரி இருக்கிறது. "அக்கா, உப்பு போட்டா கெட்டியாகும்னுதானே சொன்னீங்க" என்று அழுகிறாள். சொன்னது நான்தான், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாததும் நான்தான். உப்பில்லாத பாதி டிரம் தயார் செய்து அதோடு கலந்து சரிசெய்தோம். இரண்டு நாள் போனது. கவனியுங்கள், உப்பு கூடிப்போய் மோராகி நின்ற அந்த டிரம்மிலும் சோப்பு அதே அளவுதான். உப்பு கொஞ்சம் முன்னே பின்னே போனதில் கெட்டி வந்தது, போனது. கெட்டியைப் பார்த்து சோப்பைக் கணக்கிடுவது, குழம்பின் நிறத்தைப் பார்த்து அதில் எத்தனை கத்தரிக்காய் என்று சொல்வது போலத்தான்.

அடுத்து மணல் உவமை. ஒரு திரவத்தில் சின்னச் சின்ன உருண்டைத் துகள்கள் மிதந்தால் அதன் பாகுநிலை, அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தன்மை, எவ்வளவு கூடும் என்று 1906இல் ஐன்ஸ்டீன் கணக்கு போட்டார். அதில் ஒரு தவறு இருந்தது. பாரிசில் செய்த அளவீடு ஒத்துவராததால் 1911இல் திருத்திக்கொண்டார். ஐன்ஸ்டீனே திருத்தம் வெளியிட்டிருக்கிறார், பத்திரிகைகள் தயங்க வேண்டியதில்லை. திருத்திய விடை இதுதான்: துகள்களின் பருமன் விகிதத்தை 2.5ஆல் பெருக்கினால் வருவதே கூடுதல். நூற்றுக்கு ஒரு பங்கு துகள் போட்டால் பாகுநிலை நூற்றுக்கு இரண்டரைதான் ஏறும். விரலை விட்டுப் பார்த்தால் தெரியவே தெரியாது. நானோ என்பதால் அதில் ஒரு மாயமும் கிடையாது. வெறும் அடைப்பு வேலை என்றால் இவ்வளவுதான்.

ஆனால் புழு மிசெல் கரைசலில் போட்டால் இந்தக் கணக்கு காலை வாரிவிடுகிறது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் வாக்னர், கேலர் ஆகியோரின் குழு 2008இல் சி.டி.ஏ.பி.யும் சோடியம் நைட்ரேட்டும் கலந்த கரைசலில் 30 நானோமீட்டர் சிலிக்காத் துகள்களை (மணலில் இருக்கும் அதே பொருள்) சேர்த்து அளந்தது. பாகுநிலையும் ஏறியது, தளர்வு நேரமும் நீண்டது. 2010இல் அதே குழு இன்னொன்றும் காட்டியது. நூல்கள் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு நீர்த்த கரைசல்கூட, துகள் சேர்ந்ததும் மீள்தன்மையோடு ரப்பர் குணம் காட்டியது. இரட்டை வலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நூல்கள் தங்களுக்குள் சிக்கி உண்டாக்கும் வலை ஒன்று, துகள்கள் வழியாகக் கோத்த வலை இன்னொன்று.

காரணம் நூலின் முனையில் இருக்கிறது. நூலின் நடுப்பகுதியில் மூலக்கூறுகள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். முனையில் மட்டும் அரைக்கோளமாக வளைந்து நெருக்கடியில் இருக்கும். பேருந்தில் படிக்கட்டில் தொங்குகிறவர்கள் மாதிரி. சிலிக்காவின் மேற்பரப்பு தண்ணீரில் எதிர்மின் கொண்டது, சி.டி.ஏ.பி.யின் தலை நேர்மின். அதனால் துகள் உள்ளே வந்ததும் சி.டி.ஏ.பி. அதன்மேல் சட்டை மாதிரிப் படிந்துவிடும். இப்போது துகளுக்கும் மிசெலுக்கும் மேல்தோல் ஒன்றே. தொங்கிக்கொண்டிருக்கும் நூல் முனைகள் அந்தச் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டால் நெருக்கடி தீரும். ஒரே துகளில் பல நூல்கள் வந்து முடிந்தால் அது முடிச்சு. இடியாப்ப நூல் கனத்துக்கு இந்தத் துகள் ஒரு சின்ன வெங்காய அளவு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு நிறைய இடியாப்பத்தில் அங்கங்கே வெங்காயத்தைப் போட்டு, அதில் நூல்களைக் கட்டிவிட்டது போல. துகள் செய்வது முடிச்சு வேலை. முடிச்சு போட முதலில் நூல் இருக்க வேண்டும். வெறும் உருண்டை மிசெல் உள்ள நீர்த்த சோப்பில் துகளைக் கொட்டினால் ஐன்ஸ்டீனின் இரண்டரைக்குப் பக்கத்தில்தான் ஏதாவது கிடைக்கும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு, உப்பு மாதிரியே. 30 நானோமீட்டர் சிலிக்கா ஒரு கிராமில் இருக்கும் மொத்த மேற்பரப்பைக் கணக்கிட்டால் சுமார் 90 சதுர மீட்டர் வருகிறது. இரண்டு படுக்கையறை வீட்டின் தரை. ஒரு கிராமுக்கே அவ்வளவு தரைக்குச் சட்டை தைக்க வேண்டும், துணி நூலிலிருந்துதான் வர வேண்டும். துகளை அளவில்லாமல் கொட்டினால் சர்ஃபக்டன்ட் முழுக்கத் துகள்மேல் போய்ப் படிந்து, நூல் தேய்ந்துவிடும். அப்புறம் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் வண்டலாக இறங்கும்.

அந்த வண்டலை நான் பணம் கொடுத்துப் பார்த்தவள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வியாபாரி வந்து, "மேடம், இதுதான் நானோ சிலிக்கா, டிரம்முக்குக் கால் கிலோ போட்டா பேஸ்ட் பாதியா குறைச்சுக்கலாம்" என்றார். பேஸ்ட் என்பது லிக்விடுக்கு நான் போடும் சர்ஃபக்டன்ட். ஆய்வகத்தில் பழகியவள் நான், எனக்கே ஆசை வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கிலோ வாங்கினேன். பஞ்சு மாதிரி, மூட்டை பெரிதாக இருக்கிறது, கனமே இல்லை. பையைப் பிரித்ததும் புகை மாதிரி எழும்பியது, முகக்கவசம் இல்லாமல் கிட்டே போகக்கூடாத பொருள். கால் கிலோவை டிரம்மில் போட்டு ஒரு மணி நேரம் சுற்றினோம். முதலில் வெண்மையாகக் கலங்கியது. மறுநாள் காலை அடியில் விரல் கனத்துக்கு வண்டல், மேலே பழைய லிக்விட் பழைய கெட்டியிலேயே.

யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. நான் பயன்படுத்தும் சர்ஃபக்டன்ட்கள் எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட்டும் ஆசிட் ஸ்லரியும். இரண்டின் தலையும் எதிர்மின். சிலிக்காவும் எதிர்மின். சி.டி.ஏ.பி. மாதிரி ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. போதாததற்கு அந்தத் தூள் துகள் துகளாகப் பிரியாமல் கொத்துக் கொத்தாகவே நின்றிருக்கும், என் மோட்டாரின் சுற்றுக்கு அதெல்லாம் உடையாது. எதிர்மின் சர்ஃபக்டன்டின் புழு மிசெல்களும் சிலிக்காவால் கெட்டியான சோதனைகள் வந்திருக்கின்றன, அதனால் நடக்கவே நடக்காது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எந்தச் சோப்பு, எந்தத் துகள், எவ்வளவு உப்பு, எப்படிப் பிரித்துக் கலந்தது என்று பார்க்க வேண்டிய விஷயம் இது. உங்கள் கட்டுரையில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. நானோ என்ற ஒற்றைச் சொல்தான் பதினொரு இடத்தில் இருந்தது, எண்ணினேன்.

இந்த ஆராய்ச்சிக்கு நிஜமான பயன் வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் கட்டுரை தொடவே இல்லை என்பதுதான் வருத்தம். எண்ணெய்க் கிணறுகளில் பாறையை விரிசல்விட வைக்க அழுத்தத்தோடு ஒரு கெட்டித் திரவத்தை இறக்குவார்கள். விரிசல் மூடிக்கொள்ளாமல் இருக்க மணலைச் சுமந்து போவது அதன் வேலை. அதற்குக் காலங்காலமாகப் போடுவது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்து. 2012இல் ராஜஸ்தானில் கொத்தவரை விதை விலை விண்ணுக்குப் போய், முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தார்களே, அது அமெரிக்கக் கிணறுகளின் தேவையால்தான். கோந்துக்குப் பதில் புழு மிசெல் திரவமும் போடுகிறார்கள். கோந்து மாதிரி பாறையில் கசடு தங்காது. கிணற்றில் எண்ணெய் பட்டவுடன் நூல்கள் அறுந்து உருண்டையாகி, தானே தண்ணீராகிவிடும். குறை என்னவென்றால், பாறையின் நுண்துளைகளுக்குள் சுலபமாகக் கசிந்து ஓடிவிடும், சூட்டில் மெலிந்தும் போகும். அங்கேதான் நானோ துகள். நூல்களை முடிச்சுப் போட்டுப் பிடித்து, பாறை முகப்பில் ஒரு தற்காலிகப் படலம் போலத் தங்கவைத்து, கசிவைக் குறைக்கிறது. துத்தநாக ஆக்சைடு போன்ற துகள்களை இதற்காகச் சோதித்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே நடந்த வேலையும் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அஜய் சூட் குழுவினர், புழு மிசெல் கரைசலை ஒரே சீரான வேகத்தில் சுழற்றினாலும் அது காட்டும் எதிர்விசை சீராக நிற்காமல் தாறுமாறாக ஏறி இறங்குவதை 2000இல் வெளியிட்டார்கள். அந்தத் தாறுமாறுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று கணக்கால் நிறுவினார்கள். அதை மட்டுமே வைத்து ஒரு ஞாயிறு பக்கம் எழுதலாம். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் முயன்று பார்க்கிறேன், இதைவிடச் சின்னதாக.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டத்தை மட்டுமாவது திருத்தி, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். கெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரு மூடி லிக்விடில் எத்தனை எண்ணெய்ப் பாத்திரம் கழுவ முடிகிறது என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள் என்று. மெஸ்காரரிடம் அதைத்தான் சொல்லி அனுப்பினேன். இரண்டு பாட்டில் கொடுத்தேன், ஒன்றில் என் வழக்கமான லிக்விட், இன்னொன்றில் அதே டிரம்மிலிருந்து எடுத்து உப்பைக் கூட்டித் தண்ணியாக்கியது. எது எது என்று சொல்லவில்லை. புதன்கிழமை வந்து, "ரெண்டும் ஒரே மாதிரிதான் கழுவுது அக்கா, தண்ணியா இருக்கறது மட்டும் கையில நிக்காம ஓடுது" என்றார். பிறகு கெட்டியானதையே ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
இரா. தமிழ்ச்செல்வி,
சேலம்.

பி.கு.: அந்த நானோ சிலிக்கா முக்கால் கிலோ அலமாரியில் மூடியபடி அப்படியே இருக்கிறது. சி.டி.ஏ.பி. வைத்து வேலை செய்யும் கல்லூரி ஆய்வகம் ஏதாவது கேட்டால் இலவசமாகத் தருகிறேன். கொத்தாக இருக்கும், பிரித்துக் கலக்க அவர்களிடம் நல்ல கருவி இருக்க வேண்டும்.